அழிச்சாலும் அழியாத பென் டிரைவ் – கொஞ்சம் சரித்திரம்

இது ரெண்டு பென் டிரைவ் கதை. ஒண்ணை அழிக்கணும்னு நெனச்சேன், அது அழியவே மாட்டேன்னு அடம் புடிச்சது. இன்னொண்ணு அழியவே கூடாது. அதை நாலே நிமிஷத்துல அழிச்சுத் தொலைச்சேன். ரெண்டும் ஒரே நாள்ல, ஒரே மேசையில நடந்தது. 2019 ஜனவரி, பொங்கல் லீவு.

எழுதணும் எழுதணும்னு நெனச்சு, ஆணி ஜாஸ்தியானதால தள்ளிப் போய்க்கிட்டே இருந்தது. (உண்மையான காரணம் வெக்கம்.) போன வாரம் ஒரு நண்பர் போன் பண்ணி, "லினக்ஸ் போட்ட பென் டிரைவ் 4 எம்பி தான் காட்டுது, கடையில குப்பையில போடச் சொல்றாங்க, போட்டுறவா?"ன்னு கேட்டார். சரி, இன்னைக்கு எழுதிடுவோம்னு உக்காந்துட்டேன்.

கதையோட நாயகர் எங்க சார். ஆலங்குடிப் பக்கம் வேலை பார்த்து ரிட்டயர் ஆன வரலாறு வாத்தியார். கையில ஒரு சின்ன கேமரா, ஒரு பழைய மொபெட். புதுக்கோட்டை மாவட்டத்துல இருக்கற அய்யனார் கோயில், சுடுமண் குதிரை, கோயில் காடு எதையும் விடறதில்லை. குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் குதிரையைப் பாத்திருப்பீங்க, மாசி மகத்துக்கு மலை மலையா காகிதப்பூ மாலை விழுமே, அங்கதான் முதல் படமே எடுத்தாராம். அப்படியே கொத்தமங்கலம், கீரமங்கலம்னு சுத்தி ரெண்டு வருஷத்துல 2,500 படம் கிட்ட சேர்த்துட்டார். எல்லாம் ஒரு 16 ஜிபி பென் டிரைவ்ல.

அவர் வீட்டுல இருந்தது பையனுக்கு 2012-ல பள்ளிக்கூடத்துல குடுத்த விலையில்லா மடிக்கணினி. விண்டோஸ் தவழ ஆரம்பிச்சதும் நான்தான் லினக்ஸ் போட்டுக் குடுத்தேன். அதுக்காகத் தயார் பண்ணின இன்னொரு 16 ஜிபி பென் டிரைவையும் "ஏதாவது ஆச்சுன்னா உதவும் சார், வச்சுக்கங்க"ன்னு அவர்கிட்டயே குடுத்துட்டு வந்துட்டேன். ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே கலர், ஒரே சைஸ். இந்த வரியை ஞாபகம் வச்சுக்கங்க மக்களே.

2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. அதுக்கப்புறம் எங்க ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் எப்படி இருந்ததுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. தென்னை, பலா, கோயில் காட்டு மரம்னு பாகுபாடு பார்க்காம சாய்ச்சுட்டுப் போயிடுச்சு. சாருக்கு அப்பதான் உறைச்சுது, தன்கிட்ட இருக்கற படங்கள் இனிமே எடுக்க முடியாத படங்கள்னு. ஒரு நகல் எடுத்து வச்சுடலாம்னு தோணியிருக்கு. அதுக்கு, சும்மா கெடக்கற லினக்ஸ் பென் டிரைவைக் காலி பண்ணிக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கார்.

காலி ஆனாத்தானே!

லேப்டாப்புல போட்டு ஃபைல்களை அழிக்கப் பாத்தா, 'படிக்க மட்டும்'னு சொல்லிடுச்சு. ஊர்ல ஒரு கடையில குடுத்து விண்டோஸ்ல போட்டுப் பாத்தா 16 ஜிபி டிரைவ் 2 எம்பி சொச்சம் காட்டுது. ஃபார்மட் பண்ணினா ஃபார்மட் ஆகுது, ஆனா அந்த 2 எம்பிதான். "டிரைவ் செத்துப் போச்சு சார்"னு சொல்லிட்டாங்க. ரெண்டு டிரைவையும் எடுத்துக்கிட்டு என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, நீங்க குடுத்ததுதானே, நீங்களே பாருங்க."

இது ஏன் இப்படி ஆகுதுன்னு புரியணும்னா கொஞ்சம் கொசுவர்த்தி சுத்தணும்.

*

சிடி தட்டுல ஃபைல்களை எப்படி அடுக்கறதுன்னு 1988-ல ஒரு சர்வதேசத் தரம் வந்தது. பேரு ஐஎஸ்ஓ 9660. இன்னைக்கும் நாம டவுன்லோடு பண்ற லினக்ஸ் ஃபைலை 'ஐஎஸ்ஓ'ன்னு கூப்பிடறது இந்தப் பேரை வச்சுத்தான். சிடில எழுதினது எழுதினதுதான், மாத்த மாட்டாங்க. அதனால இதுல 'அழிக்கறது'ங்கற பேச்சே கிடையாது. சார் லேப்டாப் 'படிக்க மட்டும்'னு சொன்னதுக்கு இதுதான் காரணம். அவர் கையில பென் டிரைவ் இருக்கு, ஆனா லேப்டாப் கண்ணுக்கு அது சிடி.

இந்தத் தரத்துல ஒரு வேடிக்கை இருக்கு. தட்டோட ஆரம்பத்துல 16 கட்டத்தை, ஒரு கட்டத்துக்கு 2,048 பைட் வீதம் மொத்தம் 32,768 பைட்டை, எதுவும் எழுதாம ஒதுக்கி வச்சாங்க. ஊர்ல புறம்போக்கு விடற மாதிரி. அதுக்கு அப்புறம்தான் 'சிடி001'னு ஒரு முத்திரை வரும். இந்த அஞ்சு எழுத்தைப் பாத்துதான் கம்ப்யூட்டர் "ஓ, இது சிடி"ன்னு தெரிஞ்சுக்கும்.

ஹார்டு டிஸ்க் குடும்பம் வேற. 1983-ல ஐபிஎம் பிசி எக்ஸ்டியோட வந்த டாஸ் 2.0 காலத்துல இருந்து, டிஸ்க்கோட முதல் 512 பைட்டுலயே 'எந்த இடத்துல இருந்து எந்த இடம் வரைக்கும் யாருக்கு'ன்னு ஒரு பட்டா இருக்கும். அதுதான் பார்ட்டிஷன் டேபிள். 2000 கடைசியில பென் டிரைவ் கடைக்கு வந்தப்ப (அப்ப அது 8 எம்பி!) கம்ப்யூட்டர் அதையும் ஒரு சின்ன ஹார்டு டிஸ்க்காத்தான் பாத்தது.

லினக்ஸ்காரங்க அந்தக் காலத்துல சிடியை நம்பியே இருந்தாங்க. சிடில இருந்து பூட் பண்றதுக்கு 1995-ல 'எல் டொரிட்டோ'ன்னு ஒரு ஏற்பாடு வந்தது. நாப்பிக்ஸ் சிடி ஞாபகம் இருக்கா? உபுண்டு 2005-ல இருந்து 2011 வரைக்கும் கேட்டவங்களுக்கெல்லாம் ஓசியில சிடி அனுப்பினாங்களே, அது ஞாபகம் இருக்கா? எனக்கு வந்த கவரை தபால்காரர் "வெளிநாட்டுல இருந்து என்னப்பா வருது?"ன்னு தெருவே கேக்கற மாதிரி விசாரிச்சுக் குடுத்தார். :-) அதே காலத்துலதான் 2007-ல சென்னை சிடாக்ல இருந்து பாஸ் லினக்ஸ் வந்தது, எல்காட்ல உமாசங்கர் ஐஏஎஸ் இருந்தப்ப லினக்ஸுக்கு மாறினாங்க. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் கை கழுவினப்ப, தமிழக அரசு தன் அலுவலகங்களுக்கு பாஸ் லினக்ஸைப் பரிந்துரை பண்ணுச்சு. அதுக்குள்ள சிடி டிரைவ் இல்லாத குட்டிக் கம்ப்யூட்டருங்க வந்தாச்சு. எல்லாரும் பென் டிரைவைத் தேட ஆரம்பிச்சாங்க.

முதல்ல வந்த வழி சாது. 2007-ல வந்த யுநெட்பூட்டின் மாதிரி மென்பொருளுங்க ஐஎஸ்ஓவைப் பிரிச்சு, உள்ள இருக்கற ஃபைல்களை மட்டும் பென் டிரைவ்ல காப்பி பண்ணும். வேலை முடிஞ்சா அழிச்சுட்டு பழையபடி சினிமா பாட்டு ஏத்திக்கலாம். பிரச்சினையே இல்லை. ஆனா சில லினக்ஸுக்கு ஒத்துவரும், சிலதுக்கு வராது.

2008-ல சிஸ்லினக்ஸ் எழுதின எச். பீட்டர் ஆன்வின் ஒரு கில்லாடி வேலை பண்ணினார். ஐஎஸ்ஓல அந்த 32,768 பைட் புறம்போக்கு சும்மாதானே கெடக்கு? அங்க ஹார்டு டிஸ்க் பட்டாவை எழுதிட்டா என்ன? ஒரே ஃபைல், சிடில எழுதினா சிடி, பென் டிரைவ்ல அப்படியே எழுதினா ஹார்டு டிஸ்க். இதுக்குப் பேரு ஐஎஸ்ஓஹைப்ரிட். மத்தவங்களும் ஒவ்வொருத்தரா இதுக்கு மாறினாங்க. அப்புறம் 'டிடி'ன்னு யுனிக்ஸ்ல கொள்ளுத்தாத்தா காலத்துல இருந்து இருக்கற கட்டளை போதும். ஐஎஸ்ஓவை முதல் பைட்டுல இருந்து கடைசி பைட் வரைக்கும் டிரைவ்ல அப்படியே ஊத்திடும். கேள்வி கேக்காது, எச்சரிக்காது. 'டிஸ்க் டெஸ்ட்ராயர்'னு அதுக்குப் பட்டப்பேரே உண்டு.

ஆக, ஒரே டிரைவ்ல இப்ப ரெண்டு பேருக்குப் பட்டா. மேல ஹார்டு டிஸ்க் பட்டா, கொஞ்சம் தள்ளி சிடி முத்திரை. விண்டோஸ் மேல இருக்கற பட்டாவைப் பாக்குது. அதுல பெரிய துண்டு அதுக்குப் புரியாத சிடி நிலம், அதை விட்டுடும். பூட் பண்றதுக்காக ஒரு குட்டித் துண்டு ஃபேட் முறையில இருக்கும், 2 எம்பியோ 4 எம்பியோ. அது மட்டும் புரியுது. "டிரைவ் மொத்தமே இவ்ளோதான்"னு அதைக் காட்டுது. நாம ஃபார்மட் பண்ணினா அந்தத் துண்டுதான் ஃபார்மட் ஆகும். மிச்ச 15 ஜிபி சொச்சம் எங்கயும் போகலை, கணக்குல வரலை அவ்ளோதான்.

லினக்ஸ்ல வேற கூத்து. பார்ட்டிஷனை அழிச்சுப் புதுசா போட்டாலும் பல சமயம் பழைய லினக்ஸ் சிடி பேரே எட்டிப் பாக்கும். ஏன்? புது பட்டா போடறப்ப மாறுறது முதல் 512 பைட். புது பார்ட்டிஷன் ஆரம்பிக்கறது 1 எம்பி தள்ளி. நடுவுல இருக்கற நிலத்தை யாரும் தொடறதில்லை. 'சிடி001' முத்திரை சரியா அந்த நடு நிலத்துல உக்காந்திருக்கு! பழைய காலத்துல பார்ட்டிஷனை 63-ஆவது கட்டத்துல, அதாவது 32,256-ஆவது பைட்டுல ஆரம்பிக்கறது வழக்கம். அந்த வழக்கம் இருந்திருந்தா, ஃபேட்32 ஃபார்மட் பண்றப்பவே முத்திரை மேல எழுதி அது தன்னால போயிருக்கும். நல்லதுக்காக வழக்கத்தை மாத்தினாங்க, முத்திரை தப்பிச்சுக்கிச்சு. வீட்டை இடிச்சு புது வீடு கட்டியாச்சு, பழைய ஓனர் பேருப் பலகை மட்டும் கேட்டுல தொங்குது. தபால்காரர் அதைப் பாத்துதான் கடுதாசி போடறார்.

*

சரி, அன்னைக்கு மேசைக்கு வர்றேன்.

இதெல்லாம் எனக்கு அப்ப அரைகுறையாத்தான் தெரியும். "சார், டிரைவ் முழுக்க பூஜ்யம் எழுதிட்டா எல்லாம் போயிடும், அப்புறம் உங்க படத்தைக் காப்பி பண்ணிக்கலாம்"னு ஜம்பமா சொன்னேன். நேரம் மிச்சம் பண்றதா நெனச்சு ரெண்டு டிரைவையும் சேர்த்தே சொருகினேன். லினக்ஸ்ல ஒண்ணுக்கு எஸ்டிபி, இன்னொண்ணுக்கு எஸ்டிசின்னு பேரு வந்தது. டிடி கட்டளையை அடிச்சேன். என்டர் தட்டினேன். தங்கமணி கொண்டுவந்த காபியைக் குடிச்சுக்கிட்டே கஜாவைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம்.

சார்தான் கேட்டார். "தம்பி, இது என்னோட படம் இருக்கற டிரைவாச்சே. இதுல எதுக்கு லைட்டு மின்னுது?"

அவ்வ்வ்வ்வ்.

நிறுத்தறதுக்குள்ள 1.7 ஜிபி பூஜ்யம் போயிருந்தது. ஒரு எழுத்து தப்பு. பி அடிக்க வேண்டிய இடத்துல சி.

நகல் எடுக்கறதுக்காக வந்த மனுஷன். அந்த நகலுக்கு இடம் பண்ற வேலையில அசலை அழிச்சேன். அவர் ஒரு வார்த்தை கோவமா பேசலை. பேசியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ராத்திரி முழுக்கத் தேடினதுல ஃபோட்டோரெக்னு ஒரு மென்பொருள் கிடைச்சது. கிறிஸ்டோஃப் கிரெனியேங்கறவர் எழுதி இலவசமா குடுத்திருக்கறது. ஃபைல் பட்டியல் போயிட்டாலும் பரவாயில்லை, டிரைவை வரிசையா தடவிக்கிட்டே போகும். ஒவ்வொரு படத்தோட ஆரம்பத்துலயும் 'நான் ஜேபெக்'னு சொல்ற சில பைட் முத்திரை இருக்கும், அதைக் கண்டுபிடிச்சு அங்க இருந்து படத்தை வெளிய எடுக்கும். பாருங்க, ஒரு டிரைவ்ல எந்த மாதிரி முத்திரை போகலைன்னு தலையில அடிச்சுக்கிட்டேனோ, இன்னொரு டிரைவ்ல அதே மாதிரி முத்திரைதான் என்னைக் காப்பாத்துச்சு.

விடியறப்ப 2,000 படம் சொச்சம் திரும்பி வந்திருந்தது. ஊர்ப் பேரு, கோயில் பேருன்னு சார் பாத்துப் பாத்து வச்ச பேரெல்லாம் போயி வெறும் நம்பரா இருந்தது. 400 சொச்சம் படம் வரலை. டிரைவ்ல முதல்ல எழுதினது ஆரம்பத்துலதான் இருக்கும். பூஜ்யமும் ஆரம்பத்துல இருந்துதான் போகும். அதனால போனது சார் முதல் முதல்ல எடுத்த படங்கள். குளமங்கலம், கொத்தமங்கலம், கீரமங்கலம்.

போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "விடுங்க தம்பி. குதிரை அங்கயேதான் நிக்குது, மறுபடி எடுத்துக்கலாம்"னார். வைக்கறதுக்கு முன்னாடி, "மரம்தான் இல்ல"ன்னார்.

*

அழியாத டிரைவுக்கு என்ன வைத்தியம்? அது தெரிஞ்சப்ப எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. லினக்ஸ்ல 'ஒய்ப்எஃப்எஸ்'னு ஒரு கட்டளை ரொம்ப நாளா இருக்கு. டிரைவ்ல இருக்கற முத்திரைகளை மட்டும் தேடி எடுத்துடும். அன்னைக்கு அதை ஓட்டினப்ப திரையில வந்த விவரப்படி 'சிடி001' போனது அஞ்சு பைட். பட்டா முத்திரை ரெண்டு பைட். அவ்ளோதான்! கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வேலை முடிஞ்சது. அப்புறம் புதுசா பார்ட்டிஷன் போட்டு ஃபார்மட் பண்ணினா 16 ஜிபியும் பத்திரமா வந்துடுச்சு. செத்துப் போச்சுன்னு சொன்ன டிரைவ்தான். அஞ்சு பைட்டை அழிக்க வேண்டிய எடத்துல, தப்பான டிரைவ்ல 1.7 ஜிபியை அழிச்சிருக்கேன்.

உங்களுக்கு உதவற மாதிரி சுருக்கமா:

1. லினக்ஸ்ல: டிரைவைக் கழட்டிட்டு ஒரு தடவை, மாட்டிட்டு ஒரு தடவை டிஸ்க் பட்டியலைப் பாருங்க. புதுசா வந்த பேருதான் உங்க டிரைவ். சைஸையும் பாருங்க. அப்புறம் ஒய்ப்எஃப்எஸ். பார்ட்டிஷன் மேல இல்லை, முழு டிரைவ் மேல ஓட்டணும். எஸ்டிபி1 இல்லை, எஸ்டிபி. இங்க கோட்டை விடறவங்கதான் அதிகம்.

2. விண்டோஸ்ல: ஃபார்மட் பட்டனை மறந்துடுங்க. டிஸ்க்பார்ட்னு ஒரு கருவி கூடவே வருது. டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து 'க்ளீன்' குடுத்தா பழைய பட்டா போயிடும், புதுசா பார்ட்டிஷன் போட்டு ஃபார்மட் பண்ணிக்கலாம். ஆனா இதுவும் டிடி மாதிரி கண்ணில்லாத சாமி. நம்பரைத் தப்பா அடிச்சா உங்க ஹார்டு டிஸ்க்கே க்ளீன்.

3. ஜிபார்ட்டட்ல 'கட்டம் 2,048 பைட்டா, 512 பைட்டா'ன்னு மிரட்டற மாதிரி ஒரு செய்தி வந்தா டிரைவ் கெட்டுப் போச்சுன்னு அர்த்தம் இல்லை. சிடி கணக்கும் டிஸ்க் கணக்கும் ஒத்துப் போகலைன்னு சொல்லுது, அவ்ளோதான்.

4. எல்லாம் செஞ்சும் எழுத விடலைன்னா, டிரைவ் ஓரத்துல பூட்டு சுவிட்ச் இருக்கான்னு பாருங்க. அதுவும் இல்லைன்னா அப்பதான் சந்தேகப்படணும். உள்ள இருக்கற சில்லு தேய்ஞ்சுபோனா சில டிரைவ்கள் எழுதறதை நிறுத்திட்டு, படிக்க மட்டும் விடும். இருக்கறதைக் காப்பி பண்ணிக்கிட்டு வழியனுப்பிடுங்க.

5. அடிக்கடி லினக்ஸ் மாத்தற ஆளுன்னா 2020-ல வந்த வென்டாய் வச்சுக்கங்க. ஒரு தடவை டிரைவைத் தயார் பண்ணிட்டா போதும், அப்புறம் ஐஎஸ்ஓக்களை சாதா ஃபைல் மாதிரி காப்பி பண்ணலாம், அழிக்கலாம்.

இன்னொரு விஷயம். பழைய டிரைவை யாருக்காவது குடுக்கறீங்கன்னா வேகமா ஃபார்மட் பண்ணிட்டுக் குடுக்காதீங்க. ஒய்ப்எஃப்எஸ்ஸும் போதாது. பட்டாவும் பேருப் பலகையும்தான் போகும், வீட்டுக்குள்ள சாமான் எல்லாம் அப்படியே இருக்கும். நான் ஒரே ராத்திரில 2,000 படத்தை எடுத்தேன்னா, வேற யாரும் எடுக்கலாம். ஃபார்மட் பண்றப்ப 'விரைவு'ங்கற டிக்கை எடுத்துட்டா, விஸ்டாவுக்கு அப்புறம் வந்த விண்டோஸ் எல்லாம் முழுக்கப் பூஜ்யம் எழுதும். வீட்டு சமாச்சாரத்துக்கு அது போதும்.

*

ஒரு மாசம் கழிச்சு சார் வீட்டுக்குப் போனேன், புது டிரைவ் ஒண்ணு வாங்கிக்கிட்டு. சங்கடமா உக்காந்திருந்தேன். அவரா பேச்சை ஆரம்பிச்சார். திருமழபாடி கோயில் கதை தெரியுமான்னு கேட்டார். தெரியாது.

ராஜராஜ சோழன் தன்னோட 28-ஆவது ஆட்சியாண்டுல, அதாவது 1013 வாக்கில, திருமழபாடி கோயில் விமானத்தைப் பிரிச்சுப் புதுசா கட்டச் சொல்லி உத்தரவு போட்டார். பிரிக்கறதுக்கு முன்னாடி, சுவத்துல இருந்த கல்வெட்டு எல்லாத்தையும் புத்தகத்துல எழுதி வச்சுக்கிட்டாங்க. அப்புறம்தான் கல்லைக் கழட்டினாங்க. அந்த வாசகம் மறுபடி சுவத்துல ஏறினது அவர் மகன் ராஜேந்திரனோட 14-ஆவது ஆட்சியாண்டுல. நடுவுல ஏறக்குறைய 13 வருஷம். அப்பா போய் மகன் வந்தாச்சு, ஆனா எழுத்து போகலை.

நம்ம புதுக்கோட்டையிலயும் சமஸ்தானமா இருந்தப்பவே இங்க இருக்கற கல்வெட்டுகளைப் படியெடுத்து 1929-ல புத்தகமா அச்சுப் போட்டுட்டாங்க. அதுல இருக்கற ஒரு கல் நாளைக்கே உடைஞ்சாலும் வாசகம் இருக்கும்.

"அவங்களுக்கும் அழிக்க வேண்டிய அவசியம் இருந்தது தம்பி. வரிசைதான் முக்கியம். முதல்ல படி, அப்புறம் இடி"ன்னார். எதுகை மோனையோட சொல்லிட்டோம்னு அவருக்கே சிரிப்பு வந்துடுச்சு. நானும் சிரிச்சேன். அந்த ஒரு மாசத்துல அன்னைக்குத்தான் சிரிச்சேன்.

படத்துக்கெல்லாம் மறுபடி பேரு வச்சோம். கேமரா பதிஞ்ச தேதி ஒவ்வொரு படத்துக்குள்ளயும் இருந்ததால, அவர் டைரியோட ஒப்பிட்டு வாரம் ஒரு ஞாயித்துக்கிழமை வீதம் உக்காந்து முடிச்சோம். இப்ப அது மூணு எடத்துல இருக்கு. அவர்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு, வெளியூர்ல இருக்கற அவர் பையன்கிட்ட ஒண்ணு. என்கிட்ட இருக்கற லினக்ஸ் பென் டிரைவ் எல்லாத்துலயும் சிவப்புக் கயிறு கட்டியிருக்கேன். காரணம் கேக்கறவங்க கிட்ட திருஷ்டிக்குன்னு சொல்லிடுவேன். அழிக்கற வேலைன்னு உக்காந்தா அந்த ஒரு டிரைவைத் தவிர எதையும் சொருகறதில்லை.

கீரமங்கலம் பக்கம் எப்பவாவது போனா, புதுசா வச்ச தென்னங்கன்னு எல்லாம் ஆளுயரம் தாண்டி நிக்குது. சார் இப்ப அதைப் படம் எடுக்கறார்.

டிஸ்கி: போன் பண்ணின நண்பரோட 4 எம்பி டிரைவ் இப்ப 32 ஜிபியா நல்லா வேலை செய்யுது. குப்பையில போடறதுக்கு முன்னாடி கேட்டதுக்கு அவருக்கு ஒரு காபி.